வடக்குச் சுவரில் ஒரு கை

மாடியறையின் வடக்குச் சுவரில் ஒரு கைத்தடம் இருந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவில்லை, தெர்மல் கேமராவின் சின்னத் திரையில்தான் தெரிந்தது. சூட்டை மஞ்சளாகவும் குளிர்ச்சியை நீலமாகவும் காட்டுகிற கேமரா அது. சுவர் முழுக்க நீலமாகக் கிடக்க, தோள் உயரத்தில் ஐந்து விரல்களும் விரிந்த ஓர் உள்ளங்கை மட்டும் மஞ்சளாகப் பதிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நுனிகள் மங்கின, பிறகு உள்ளங்கை மங்கியது, பிறகு சுவர் பழையபடி நீலமாகிவிட்டது.

அவன் தன்னையே திட்டிக்கொண்டான். கேமரா வாங்கிய புதிதில் எல்லா ஆய்வாளர்களும் செய்கிற தப்பு இது. சுவரில் கை வைத்து எடுத்தால் கையின் சூடு கொஞ்ச நேரம் அங்கே தங்கும். அதனால் முதலில் படம், அப்புறம்தான் தொடுவது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அவன் தன் கைச்சூட்டையே வெந்நீர்க் குழாய்க் கசிவு என்று காட்டி, சுவரை உடைக்க வைத்து, உள்ளே செங்கல்லைத் தவிர ஒன்றும் இல்லாமல் அசடு வழிந்து நின்றதை வீட்டுத் தரகர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இத்தனை நாள் கழித்தும் அதே தப்பா என்று எரிச்சலாக வந்தது.

வீடு வாங்கப் போகிறவர்களுக்காக வீட்டைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, குறைகளைச் சொல்வது அவன் வேலை. பாதி வாழ்நாள் மேற்பார்வையாளனாக இருந்த கட்டிட நிறுவனத்தை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். வேறு எதுவும் தெரியாததால் இதில் இறங்கினான். இறங்கிய புதிதில் நியாயவானாக இருந்தான். விரிசலை விரிசல் என்றான், ஒழுகலை ஒழுகல் என்றான். வாங்க வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஓடினார்கள், திரும்பி வரவே இல்லை. ஒருவர் எத்தனை வீடு வாங்கிவிடப் போகிறார்? அடுத்தடுத்து வேலை தருகிறவர்கள் தரகர்கள்தான் என்பது அவனுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் தரகர்கள் அவனுக்கு ‘ஓட்டை’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். “ஓட்டை வர்றாரா? அப்ப வியாபாரம் ஊத்திக்கும், வேற ஆளப் பாரு.” அவன் ஃபோன் பேசா மடந்தையாகிவிட்டது.

அதன்பிறகு அவன் நாக்கு வளையக் கற்றுக்கொண்டது. விரிசல் ‘மேல்பூச்சுக் கோடு’ ஆனது. ஒழுகல் ‘பழைய ஈர அடையாளம்’ ஆனது. பார்க்கத் தைரியமில்லாத இடமெல்லாம் ‘பார்க்க வசதியில்லாத இடம்’ ஆனது. வயிறு நிறைந்தது, வாய் மட்டும் எந்நேரமும் கசந்தது. இப்போது அவனுக்கு வேலை தருகிற ஒரே தரகன் அவன் மனைவியின் தம்பிதான். அந்த மச்சினன் இன்று மதியம் வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னான்.

“மாமா, ரொம்ப நாளா விக்காம கெடக்குற வீடு. அக்கா மொகத்துக்காகத்தான் உங்கள கூப்புடுறேன். இதையும் கெடுத்து விட்டீங்கன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க.”

வாங்க வந்திருந்தது ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். ஆய்வு முடியும்வரை வாங்குகிறவர்களை உள்ளே விடாதது மச்சினனின் வழக்கம். கூடவே வந்தால் நோண்டி நோண்டிக் கேட்பார்கள் என்பான். அதனால் இருவரும் வாசல் கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் உள்ளே போகும்போது அவள் கண்ணாடியை இறக்கி, “அண்ணா, குழந்த பொறக்கறதுக்குள்ள குடி வந்துடணும்ணா. உங்க தங்கச்சி வாங்குற வீடுன்னு நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். அந்த ‘அண்ணா’ அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததுதான் தொந்தரவாகவும் இருந்தது.

கீழ்த்தளத்தில் குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தரை மட்டமாக இருந்தது, கதவுகள் தொங்கவில்லை, சமையலறைக் குழாயில் துரு கலந்த தண்ணீர் கொஞ்சம் இருமிவிட்டு வந்தது. மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருந்ததால், சாயங்கால மேகமூட்டத்தில் வீடு முன்னதாகவே இருட்டிக்கொண்டு வந்தது. பூட்டிக் கிடந்த வீட்டில் தூசியும் பல்லி எச்சமும் நாறும். இங்கே அந்த நாற்றம் இல்லை. போர்வைக்குள் நெடுநேரம் மூச்சு விட்டுவிட்டு முகத்தை வெளியே எடுத்தால் வருமே, அப்படி ஒரு வெதுவெதுப்பான வாடைதான் மாடிப்படி ஏற ஏற வந்தது.

இப்போது அந்த வடக்குச் சுவரின் முன்னால் நின்றுகொண்டு, எப்போது இதைத் தொட்டோம் என்று யோசித்தான். வலது கையில் கேமரா. இடது கையில் டார்ச். கதவைத் தோளால்தான் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். தொடுவதற்குக் கையே மிச்சமில்லை.

“யாருங்க?” என்றான். குரல் வெற்று அறையில் முட்டிக்கொண்டு திரும்பியது.

பூட்டிய வீட்டில் யாராவது புகுந்து தங்கியிருக்கலாம். அப்படி இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறான். ஆனால் அவர்கள் இருந்தால் பாய் இருக்கும், பீடித் துண்டு இருக்கும். இங்கே தரையில் மெல்லிய தூசியைத் தவிர எதுவும் இல்லை. ஜன்னல் கொக்கிகள் துருவேறி இறுகிக் கிடந்தன. அலமாரியைத் திறந்தான், குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தான். காலி. மச்சினனுக்கு ஃபோன் போட்டான்.

“மாப்ள, இந்த வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?”

“என்ன மாமா, காலி வீடுன்னு சொல்லித்தானே சாவி குடுத்தேன்.”

“முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?”

மச்சினன் குரலைத் தாழ்த்தினான். “வாங்க வந்தவங்க பக்கத்துலயே நிக்கிறாங்க மாமா. உங்க வேல செவத்தப் பாக்குறது. கத கேக்குறது இல்ல. சீக்கிரம் முடிச்சிட்டு வாங்க.”

அவன் ஃபோனைப் பையில் போட்டான். டார்ச்சையும் பையில் போட்டான். இடது கையை வேண்டுமென்றே பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, கேமராவை மட்டும் முன்னால் பிடித்தபடி நடைவழிக்கு வந்தான். எங்கேயும் தொடவில்லை, தொடவே மாட்டேன் என்று தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொள்வதுபோல நடந்தான்.

நடைவழிச் சுவரில் மூன்று கைகள் இருந்தன.

வரிசையாக, ஒரே உயரத்தில், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறவன் வைத்துவிட்டுப் போன மாதிரி. முதலாவது ஏறக்குறைய அழிந்திருந்தது. இரண்டாவது மங்கல். மூன்றாவது பளிச்சென்று இருந்தது. அதன் அர்த்தம் அவனுக்குத் தெரிந்தது, தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். வைத்த கையை இப்போதுதான் எடுத்திருக்கிறது. மூன்றாவது கைக்கு அப்பால் நடைவழி காலியாக இருந்தது, அதன் கோடியில் படிக்கட்டு இருந்தது, வெளியே போக வேறு வழி இல்லை.

கேமரா கோளாறாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு சோதனை இருந்தது. இடது கையை வெளியே எடுத்து, மூன்றாவது தடத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தி எடுத்தான். கேமரா சரியாகத்தான் வேலை செய்தது. அவன் கையும் மஞ்சளாகப் பதிந்தது. இரண்டு கைகளும் பக்கம் பக்கமாக இருந்தன. அந்தக் கையின் விரல்கள் அவனுடையதைவிட ஒரு கணு நீளமாக இருந்தன.

இன்னொன்றையும் அவன் உணர்ந்தான். சுவர் சில்லென்று இருந்தது. ஆனால் கையை வைத்திருந்தபோது புறங்கைமேல் வெதுவெதுவென்று ஏதோ பட்டது. மூச்சு மாதிரி. மெதுவாக, ஈரமாக.

பயம் என்று ஒத்துக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை. பசி, சர்க்கரை, வயசு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். படிக்கட்டை நோக்கி நடந்தான். காலணிமேல் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறை சரக் சரக் என்றது. அவன் நின்றதும் அது நின்றது. அதற்குப் பிறகும் ஒரு சத்தம் இருந்தது. பின்னால், சுவரோரமாக, காய்ந்த உள்ளங்கை சுண்ணாம்பை உரசிக்கொண்டு வருகிற சத்தம். பிறகு அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கேமராவை உயர்த்திச் சுவரைப் பார்த்தான். நீலம். எங்கும் நீலம். ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கேமராவைத் தரைப்பக்கம் தாழ்த்தினான்.

பாதங்கள்.

வெறும் பாதங்கள். அவன் நடந்து வந்த வழியிலேயே, அவன் நடந்து வந்த திசையிலேயே, விரல்கள் அவனைப் பார்த்து. தூரத்தில் இருந்தவை மங்கிக்கொண்டிருந்தன. கிட்டத்தில் வர வர மஞ்சள். கடைசி ஜோடி அவன் காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அது மங்கவில்லை. சூடு ஏற ஏற மஞ்சளிலிருந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. போன கால் ஆறும். நிற்கிற கால்தான் தரையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

பாதங்களுக்கு மேலே ஒன்றும் இல்லை. திரையிலும் இல்லை. கண்ணுக்கும் இல்லை.

முகத்தில் மூச்சு பட்டது.

அவன் ஓடினான். படிகள். வழுக்கியது. முழங்கால் இடித்தது. எழுந்தான். கூடம். கதவு. தாழ்ப்பாள் வரவில்லை. வரவில்லை. வந்தது.

வெளியே சாதாரணமாக இருந்தது. தெருவில் ஒரு பையன் சைக்கிளில் போனான். எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. கேட்டருகே மூவரும் நின்றிருந்தார்கள். மச்சினன் அவன் முகத்தைப் பார்த்தான், அவன் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அவர்களுக்குக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே, “என்ன மாமா, முடிஞ்சுதா? எப்படி இருக்கு?” என்றான்.

அந்தப் பெண் இரண்டு அடி முன்னால் வந்தாள். “சொல்லுங்கண்ணா.”

சொல்ல வேண்டியது அவன் வாய்வரை வந்தது. வேண்டாம்மா, இந்தப் பக்கமே வராதே, காரில் ஏறு, போ. ஆனால் ஏன் என்று கேட்பார்களே? சுவரில் கை இருக்கிறது என்பானா? கைச்சூட்டைக் குழாய் என்று சொன்ன ஓட்டை, இப்போது கைச்சூட்டைப் பேய் என்கிறான் என்று ஊரெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும். அத்தோடு தொழில் முடிந்தது. இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்? மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள், அதுதான் அவனால் தாங்க முடியாதது. மச்சினனின் பார்வை அவன் வாயிலேயே இருந்தது.

“கெட்டியான வீடும்மா” என்றான். “சின்னச் சின்ன மேல்பூச்சுக் கோடுதான்.”

சொல்லி முடித்ததும் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் முகம் மலர்ந்தது. கணவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தாள்.

“இருட்டிடுச்சும்மா, கரன்ட் வேற இல்ல. நாளைக்கிப் பாக்கலாமே” என்றான் அவசரமாக.

“ஒரே நிமிஷம்ணா. மேல் ரூம மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்.”

உள்ளே போனார்கள். மச்சினன் அவன் முதுகில் தட்டி, “இப்பத்தான் மாமா உருப்படியா ஒரு வார்த்த சொல்லியிருக்கீங்க” என்றான். மாடியில் அவள் பேசுவது கேட்டது, எதற்கோ சிரிப்பது கேட்டது. உள்ளே போய்க் கூட்டிக்கொண்டு வா என்று மனம் அடித்துக்கொண்டது. கால் நகரவில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். கணவன் அவளுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் இரண்டு கைகளிலும் சுமந்துகொண்டு முன்னால் வந்தான். அவள் பின்னால், ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கி வந்தாள்.

“அந்த மேல் ரூம்தான்ணா குழந்தைக்கு. வெளிய இவ்வளவு குளுருது, அங்க போய் நின்னா என்னமோ கதகதன்னு இருக்கு. யாரோ அணைச்சுக்கிட்ட மாதிரி.”

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவன் கேமராவை உயர்த்தினான். அவள் முகம் மஞ்சளாக இருந்தது, கழுத்து மஞ்சளாக இருந்தது. சட்டை மூடிய வயிறு அதைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அதன் நடுவில், வெள்ளையாக, ஓர் உள்ளங்கை. நீளமான விரல்கள்.

கணவன் வைத்திருப்பான், வேறு யார் வைப்பார்கள் என்று அவன் நினைக்க முயன்றான். இப்போது மங்கிவிடும். இதோ மங்கிவிடும். அவள் பழக்கத்தில் தன் கையை வயிற்றின் பக்கவாட்டில் வைத்துத் தடவிவிட்டு எடுத்தாள். அவளுடைய சின்னக் கை துணியில் பதிந்து, மெல்ல மங்கி, மறைந்தது. பக்கத்தில் இருந்த கை அப்படியே இருந்தது.

“என்னண்ணா அப்படிப் பாக்குறீங்க? ஏதாவது தெரியுதா?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றது அவன் வாய்.

திரையிலிருந்து கண்ணை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். வயிற்றின்மேல் யாருடைய கையும் இல்லை. சட்டைத் துணி மட்டும், ஐந்து இடங்களில், மெதுவாக உள்ளே குழிந்துகொண்டிருந்தது.