துரைக்குக் காது கேட்காது

எவர்சில்வர் தட்டு கை நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து, விளிம்பிலேயே சுற்றிச் சுற்றிக் கணகணத்து ஓய்ந்தது. பட்டியில் பதினாறு ஆடுகளும் திடுக்கிட்டுத் தலை தூக்கின. தகரக்கூரை மேலிருந்த மைனா பறந்தது. நாலடி தள்ளி முதுகைக் காட்டிப் படுத்திருந்த நாய் மட்டும் அசையவே இல்லை.

பிரிஸ்கில்லா தட்டை எடுத்தாள். விலங்கியல் படித்தவள். ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தன் வாடை நாய்க்கு எட்டாத பக்கமாக, நிழல் அதன் மேல் விழாதபடி நின்று கையைத் தட்டினாள். "துரை" என்றாள். உரக்கவும் கூப்பிட்டுப் பார்த்தாள். நாய் வாலால் ஓர் ஈயை விரட்டியது. அது தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

செண்பகத்தோப்பு போகிற வழியில், மலைக்குக் கீழே, ஒரு மாந்தோப்பை ஒட்டி அவர்கள் வீடு. கணவன் சதீஷுக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை. ஆடு வளர்க்கலாம் என்றது அவள்தான். கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அது. இருபத்து மூன்று ஆடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தாள். இரண்டு மாதத்தில் ஏழு காணாமல் போயின. ரத்தம் இல்லை, ரோமம் இல்லை. வனத்துறை ஆள் ஒருவர் வந்து ஓடை மணலைக் குனிந்து பார்த்தார்.

"சிறுத்தை இல்லம்மா. சிறுத்தைன்னா இழுத்துட்டுப் போன தடம் இருக்கும். ஆடு அதுபாட்டுக்கு நடந்துல்லா போயிருக்கு."

அன்று அவள் காலண்டரைப் பார்த்தாள். ஆடு தொலைந்த நாட்களில் மையால் சுழித்து நேரத்தையும் எழுதி வைத்திருந்தாள். ஏழும் மத்தியானம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில். காவலுக்கு இருந்த கருவாயன் என்ற நாட்டு நாயும் அப்படியொரு மத்தியானத்தில்தான் போயிற்று. அடுப்படி ஜன்னல் வழியாக அவளே பார்த்தாள். அது காதைத் தூக்கியது. வாலை ஆட்டியது. அவள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது எப்படிப் பாய்ந்து வருமோ அப்படிப் பாய்ந்து ஓடைக்குள் இறங்கியது. திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நாய்ப் பேச்சுதான். சிப்பிப்பாறை முயலைக் கண்டால் மந்தையை விட்டு ஓடிவிடும். கோம்பை கோபக்காரன், குட்டிகளை என்ன செய்யுமோ. உள்ளூர்ச் சாதி இருக்க வெளியே எதற்கு என்று ராஜபாளையம் நாயே வாங்கப் போனார்கள். நாய் வளர்க்கும் சமுத்திரம் பல் குச்சியைக் கடித்தபடி கேட்டார்.

"காவலுக்கா, கண்ணுக்கா?"

"ரெண்டுக்குந்தான் அண்ணாச்சி" என்றான் சதீஷ்.

ஒரு மூலையில் முதுகில் பழுப்புத் திட்டோடு ஒரு நாய் நின்றது. சீட்டி அடித்ததும் ஓடி வந்தது. பிரிஸ்கில்லா அதைத்தான் நினைத்தாள். ஆனால் ஆண்கள் பேசும் இடத்தில் அவளுக்கு வாய் வராது. சதீஷ் கண் போனதோ திட்டே இல்லாத பால் வெள்ளையின் மேல். ரோஸ் மூக்கு, நீளக்கால்.

"அது எங்க ஆட்டுப்பட்டிக்குள்ளயே கெடந்து வளந்தது" என்றார் சமுத்திரம்.

"வெள்ளைக்காரத் தொர மாதிரில்லா நிக்கான்" என்று சதீஷ் சிரித்தான். பேரும் அதுவே ஆயிற்று.

இப்போது போனில் விஷயத்தைச் சொன்னபோதும் சிரித்தான். "தொரமாரு நம்ம கூப்புட்டா வருவாவளா?" பிறகு சமுத்திரத்திடம் கேட்டுவிட்டுத் திரும்பப் பேசினான். "வெள்ளை ஏற ஏறக் காது எறங்குமாம்ட்டி. இந்தச் சாதியில அப்படித்தானாம். ஞாயித்துக்கிழம மாத்தித் தாரேங்காவ. கோம்பை ஒண்ணு இருக்காம்."

அவள் சரி என்றாள்.

மறுநாள் காலை, பக்கத்துத் தோப்புக் காவல்காரர் தவசிமுத்து வேலியோரம் நின்று வெற்றிலை எச்சிலைத் துப்பினார்.

"நேத்து மத்தியானம் என்னைய எதுக்குத் தாயி கூப்புட்டீய?"

"நானா?"

"ஓடைக்குள்ள நின்னு, அண்ணாச்சி அண்ணாச்சின்னு மூணு தரம். நான் ஏன்னு கேக்கலை. உச்சிப்பொழுதுல ஓடைப்பக்கம் கேக்குற கொரலுக்கு ஏன்னு கேக்கப்பிடாது பாத்துக்கிடுங்க." பின் தானே சிரித்தார். "எங்க வீட்டுக்காரி கூப்புட்டாலே நான் ஏன்னு கேக்க மாட்டேன். அது வேற."

முந்தின நாள் மத்தியானம் பிரிஸ்கில்லா ஸ்ரீவில்லிபுத்தூரில் தவிடு வாங்க நின்றுகொண்டிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று அடியோடு நின்றுவிட்டது. மாம்பால் வாசனையும் ஆட்டு மொச்சை வீச்சமும் சூடேறிய தகரத்தின் வாடையும் ஒன்றாகக் கலந்து முற்றத்தில் தேங்கிக் கிடந்தன. மரங்களின் நிழல் அவற்றின் காலடிக்குள்ளேயே சுருண்டிருந்தது. புறவாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றதையும் அதற்குப் பிறகு ஒரு பறவைகூடச் சத்தமிடாததையும் கவனித்தாள்.

அப்போது கேட்டது.

"ட்ர்ர்ரா... வா, வா, வா."

அவள் ஆடுகளைக் கூப்பிடும் விதம். மூன்றாவது 'வா'வில் அவளுக்குக் குரல் எப்போதும் உடையும். அதுவும் உடைந்தது.

ஒரு கணம் தான்தான் கூப்பிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது.

தோப்பு ஓரத்தில் மேய்ந்த பதினாறு ஆடுகளும் தலை தூக்கின. பெரிய ஆடு ரோசி முதலில் நடந்தது. மற்றவை பின்னால் வரிசையாக. மிரளவில்லை. கத்தவில்லை. சாயங்காலம் பட்டிக்குத் திரும்புவதுபோல ஓடையைப் பார்த்துப் போயின.

துரை எழுந்தது. அதற்கு எதுவும் கேட்டிருக்க முடியாது. ஆடுகள் போவது மட்டும் அதன் கண்ணில் பட்டது. சுற்றி ஓடி முன்னால் போய்க் குறுக்கே நின்றது. ரோசி விலகப் பார்த்தது. துரை தோளால் இடித்துத் தள்ளியது. ஓடைப்பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

குரல் மறுபடி கூப்பிட்டது. கொஞ்சியது. அதட்டியது. பிறகு ஆடுகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. ரோசி. சின்னவ. மச்சக்காரி. ஒன்றுகூட விடவில்லை.

ஆட்டுப் பேர்கள் தீர்ந்தன.

"துரை" என்றது.

துரை உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறிந்தது.

அன்று சாயங்காலம் அவள் சதீஷுக்குப் போன் போட்டாள். "நாய மாத்த வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

"ஏன்?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. என் குரலில் ஒன்று கூப்பிடுகிறது. கேட்டவன் சிரிப்பான். சிரித்துவிட்டுத் தன் அம்மாவிடம் சொல்வான். அவர்கள் ஜெப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாலு பேர் சுற்றி நின்று அவள் தலையில் கை வைப்பார்கள்.

"பழகிருச்சு" என்றாள்.

"செவிட்டு நாயக் காவலுக்கு வச்சிருக்கோம்னு மில்லுல தெரிஞ்சா மானம் போயிரும்ட்டி."

"போனாப் போட்டும்."

"சரி, பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை சதீஷுக்கு லீவு. ஆடுகளை அவன் பார்த்துக்கொள்ள, அவள் ஊதாச் சேலை கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேதக்கோயிலுக்குப் போனாள். "தொரைய அவுத்தே விட்டுருங்க. பன்னெண்டுக்குள்ள வந்துருவேன்" என்று இரண்டு தடவை சொன்னாள். அன்று அசனம், ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் பொதுவிருந்து. சாப்பிடாமல் போகக் கூடாது என்று பியூலா அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. மினி பஸ்ஸில் ஏறியபோது மணி பதினொன்று ஐம்பது. போன் போட்டுக்கொண்டே வந்தாள்; பஸ் மலையை நெருங்கும்போதுதான் லைன் கிடைத்தது.

"நானே கூப்புடணும்னு இருந்தேன்" என்றான் சதீஷ். குரலில் அவ்வளவு சந்தோஷம். "சமுத்திரம் அண்ணாச்சியே கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாவ. கோம்பை. செவலை. எல விழுந்தாக் காதத் தூக்குதுட்டி!"

"தொர?"

"கூட்டிட்டுப் போயிட்டாவ. மாத்திக் கேக்க வெக்கப்பட்டுட்டுத்தான வேண்டாம்னு சொன்னே? ஒன்னய எனக்குத் தெரியாதா?"

பஸ் குலுங்கியது. அவள் எழுந்து நின்றாள். "ஆட்டையெல்லாம் பட்டியில அடைங்க. நான் கூப்புட்டாலும் போவாதீங்க. கேக்குதா? என் கொரல் கேட்டாலும்..." பக்கத்து சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

"என்ன சொல்லுத? வண்டிச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கலை. செத்த இரு. வந்துட்டியா என்ன? பின்னாடி நீ கூப்..."

அந்தச் சாலை வளைவில் எப்போதும் சிக்னல் அறும்.

இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு அரை மைல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். தார் சுட்டது. தோப்புக்குள் திரும்பியதும் மண். அதற்கு மேல் அவள் கால் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். இலை அசையவில்லை. பறவை இல்லை.

பட்டி திறந்து கிடந்தது.

ஓடைக்கரையில் ஆடுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ரோசி ஏற்கெனவே இறங்கியிருந்தது. கொம்பு மட்டும் தெரிந்தது. கடைசி ஆட்டுக்குப் பின்னால் சதீஷ். லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு போட்டு, அவசரமில்லாமல். பக்கத்தில் செவலை நாய். வால் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, சோறு ஆறுது. வாங்க." ஓடைக்குள்ளிருந்து அவள் குரல்.

"வாரேன், வாரேன்" என்றான் சதீஷ்.

"என்னங்க!" இவள் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவ்வளவு உரக்க அவள் கத்தியதில்லை. குரல் உடைந்து, கரகரத்து, யாருடையதோபோல வெளியே வந்தது. "போவாதீங்க! நான் இங்க நிக்கேன்!"

சதீஷ் நின்றான். திரும்பினான். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அவளைப் பார்த்தான். ஊதாச் சேலை. அவிழ்ந்த தலை. கையில் செருப்பு. நன்றாகப் பார்த்தான். முகம் மாறியது. அவள் அந்த முகத்தை அதற்கு முன் கண்டதில்லை. பயம்.

அவளைப் பார்த்தபடியே, ஓடைப்பக்கம் தலையைச் சாய்த்து, மெல்லக் கேட்டான்.

"ஏட்டி... அங்க நிக்கிறது யாரு?"

ஓடைக்குள் நாணல் மெல்ல அசைந்தது.

"பாக்காதீங்க" என்றது அவள் குரல், பரிவாக. "ஏன்னு கேக்காதீங்க. என் கையப் புடிச்சுக்கோங்க."

நாணலுக்கு மேலே ஒரு கை நீண்டது. ஊதா ரவிக்கை முழங்கைவரை.

அவன் பிடித்துக்கொண்டான். இறங்கினான். இடுப்பு. தோள். தலை.

அவள் ஓடினாள். பத்தடி இருக்கும்போது கோம்பை குறுக்கே வந்து நின்றது. காது விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, பல் முழுக்கத் தெரிய. அவள் இடப்பக்கம் விலகினாள். அதுவும் விலகியது. வலப்பக்கம். அதுவும்.

நாணல் அசைவது நின்றது. நாய் நகரவில்லை. அந்த உச்சி வெயிலில், ஓடைக்கு முதுகைக் காட்டி, அவளிடமிருந்து காவல் காத்துக்கொண்டு நின்றது.