கங்கம்மாவின் கல்யாணப் படம்

ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. அதில் ஒரு பழைய மாடி வீட்டின் மேல்தளத்தில் தாமோதரம் போட்டோக் கடை வைத்திருந்தார். 1933-ஆம் வருஷம் பங்குனி மாதம், வெயில் கொளுத்தும் மத்தியான வேளையில், சாந்தோம் குப்பத்து மண்ணாங்கட்டி அந்தக் கடையின் மரப்படிகளில் ஏறினான். அது ஏழாவது தடவை. முதல் ஆறு தடவையும் தங்கையின் கல்யாணப் படத்தைக் கேட்டு வந்தான். இந்தத் தடவை, தங்கையைக் கொன்றவனின் முகத்தைக் கேட்டு வந்திருந்தான்.

ஐப்பசியில்தான் கங்கம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளும் அண்ணனும் மட்டுமே இருந்தார்கள். மாப்பிள்ளை முனிரத்தினம் ஹார்பரில் வேலை என்றான். சீர் கேட்கவில்லை, ஆளும் லட்சணமாக இருந்தான். மண்ணாங்கட்டி அதற்கு மேல் விசாரிக்கவில்லை. தேனாம்பேட்டையில் வாடகை அறையில் குடித்தனம் வைத்தார்கள். மாசியில் அக்கம்பக்கத்தார் வாடை தாங்காமல் அந்த அறைக் கதவை உடைத்தபோது, கங்கம்மா தன் கூறைப்புடவையாலேயே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள். தோட்டைத் திருகிக் கழற்றப் பொறுமையில்லாமல் காதோடு பிய்த்து எடுத்துக்கொண்டு புருஷன் ஓடிவிட்டிருந்தான். ஹார்பரில் போய் விசாரித்தால் முனிரத்தினம் என்று ஒருவனே அங்கே கிடையாது.

"அவன் மூஞ்சி தெரியறாப்பல ஒரு படம் இருந்தா போதும்ப்பா. எல்லா ஊரு டேசனுக்கும் அனுப்பிடலாம்" என்று ஏட்டு ஷஃபியுல்லா சொல்லியிருந்தார்.

அப்படி ஒரே ஒரு படம்தான் உலகத்தில் இருந்தது. கல்யாணத்தன்று முழுக் கூலியையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டு தாமோதரம் எடுத்த படம்.

தாமோதரம் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"படம் போடற பேப்பர் இன்னும் கப்பல்ல வரல நைனா. வர வெள்ளிக்கெழமை வந்து பாரு."

"பேப்பர் வேணாம். படம் புடிச்ச அந்தக் கண்ணாடி கீதுல்ல, அத்தக் குடு. போலீஸ்காரங்களே போட்டுக்குவாங்களாம்."

"போலீஸா?"

"என் தங்கச்சிய அவன் கொன்னுட்டான்யா."

தாமோதரத்தின் முகம் வெளுத்தது. அவர் கண் ஒரு கணம் மூலையில் இருந்த இருட்டறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. மண்ணாங்கட்டி அதைப் பார்த்துவிட்டான். அவர் பிடரியைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கதவைக் காலால் உதைத்துத் திறந்து, உள்ளே தள்ளினான். அவர் ஓடிவிடாதபடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான்.

ஜன்னலே இல்லாத அறை அது. சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்று மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. மருந்து நெடி மூக்கைச் சுட்டது. வெளியே பட்டப்பகல் என்பதையே அங்கே நம்ப முடியவில்லை.

"எட்றா கண்ணாடிய."

தாமோதரம் அடுக்கிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை உருவி நீட்டினார். மண்ணாங்கட்டி அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் இருந்த சுவர்தான் தெரிந்தது.

"இன்னாய்யா இது?"

"படத்தச் சுரண்டிட்டேன். கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு மாப்ளயே வந்தாரு. எம் மூஞ்சி எங்கயும் இருக்கக் கூடாதுன்னு சொல்லி காசு குடுத்தாரு. எனக்கு இன்னா தெரியும் நைனா, ஏதோ குடும்பத்துச் சமாச்சாரம்னு நெனச்சேன்."

மூணாம் நாள். வீட்டில் மஞ்சள் ஈரம் காய்வதற்கு முன்பே அவன் முடிவு செய்துவிட்டிருக்கிறான்.

மண்ணாங்கட்டி தகட்டை மேஜையில் வைத்தான். பிறகு அடித்தான். முதல் அடியில் தாமோதரத்தின் உதடு கிழிந்தது. இரண்டாவது அடியில் ஒரு பல் தெறித்து மருந்துத் தட்டில் விழுந்தது. அவர் தலையைச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான். கட்டுமரம் தள்ளிக் காய்த்துப்போன கை. இன்னும் நாலு அடியில் உயிர் போயிருக்கும்.

ஆனால் நடுவில் தை மாதத்து ஞாபகம் வந்தது.

கங்கம்மா ஒரு நாள் தனியாக நடந்தே குப்பத்துக்கு வந்திருந்தாள். கழுத்தில் விரல் பதிந்த தடம். "அண்ணாத்தே, ராவுல முழிச்சிப் பாத்தா அவன் குந்திக்கினு என் கழுத்தயே பாத்துக்கினு கீறான். நான் போவ மாட்டேன்" என்றாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று சொல்லி, அழ அழ அவளை ஜட்கா வண்டியில் ஏற்றி அனுப்பியவன் இவன்தான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

காற்று இல்லை. யாரும் ஊதவும் இல்லை.

இருட்டில் தாமோதரம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மருந்து நெடி மெல்ல அடங்கி, வேறொரு வாசனை எழுந்தது. புதுப் புடவையின் கஞ்சி வாசனை. அரைத்த மஞ்சள். அதற்கும் அடியில், பூட்டிய அறைக்குள் மூன்று நாள் கிடந்த உடம்பின் வாடை.

மண்ணாங்கட்டி தாழ்ப்பாளைத் தேடிக் கையை நீட்டினான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சின்னக் கை. கிணற்று நீர் போலச் சில்லென்று இருந்தது. அவன் விரல்களை மெதுவாக ஒவ்வொன்றாக விலக்கியது. பிறகு வளையல் சத்தம் அவனைத் தாண்டி மேஜைப் பக்கம் போனது.

"யாரு?" என்று தாமோதரம் கிசுகிசுத்தார். "உள்ள யாரு கீறது?"

நகம் கண்ணாடியில் கீறுகிற சத்தம் வந்தது.

முதலில் மெதுவாக. பிறகு வேகமாக.

தாமோதரம் அலறினார். "கைய வுடு, அம்மா, கைய வுட்ரு." நகங்கள் பிளப்பது கேட்டது. ஈரமாக ஏதோ மேஜையில் சொட்டியது. அலறல் குரல் உடைந்து வெறும் காற்றாக மாறிய பிறகும் அந்தக் கீறல் நிற்கவில்லை. எலும்பு கண்ணாடியில் உராயும்போது சத்தமே வேறாக இருந்தது. மண்ணாங்கட்டி காதைப் பொத்திக்கொண்டு கதவோடு கதவாக ஒட்டி நின்றான். தங்கையின் பெயரைச் சொல்ல வாய் திறந்தான்.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

கதவு திறந்து வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. தாமோதரம் மேஜைக்கடியில் சுருண்டு கிடந்தார். பத்து விரலிலும் நகம் இல்லை, நுனிகளில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. மேஜைமேல் கண்ணாடித் தகடு சுவரில் சாய்ந்து நின்றது. அதில் பூசியிருந்த ரத்தம் உலர உலர, வகிடும் மீசையும் இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சமுமாக முனிரத்தினத்தின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பக்கத்தில் மணப்பெண் நின்ற இடம் மட்டும் வெறும் கண்ணாடியாகவே இருந்தது.

அந்தத் தகட்டை மண்ணாங்கட்டி துண்டில் சுற்றிக்கொண்டு போய் ஏட்டிடம் கொடுத்தான். யார் எடுத்த படம் என்று அவர் கேட்டார். கடைக்காரர்தான் என்றான். அதிலிருந்து போட்ட படங்கள் ஊர் ஊராகப் போயின. தாமோதரம் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். யார் என்ன கேட்டாலும் "சின்னக் கை" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, காலை வெயிலில் மண்ணாங்கட்டி கடற்கரையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஷஃபியுல்லா மணலில் நடந்து வந்தார். வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆள் கெடச்சுட்டான்ப்பா. நெல்லூர் சத்திரத்துல, பொணமா. கழுத்த முறிச்சு, ரெண்டு காதயும் பிச்சு எடுத்துக்கீறாங்க."

மண்ணாங்கட்டி வலையைக் கீழே வைத்தான்.

"அவன் தனியாத்தான் வந்தானாம். மறுநாளு கூறைப்புடவை கட்டிக்கினு ஒரு பொண்ணு வந்து, எங்க வூட்டுக்காரரு எந்த ரூம்புன்னு கேட்டுச்சாம். விடிகாலைல கெணத்தடில கை கழுவிக்கினு இருந்துச்சாம். பட்டணத்துக்கு நடந்து போனா எத்தினி நாளாவும்னு சத்திரத்துக்காரன கேட்டுக்கீது."

"எங்க போவுதாம்?"

"அண்ணாத்தே வூட்டுக்கு."

அலை ஒன்று வந்து வலையின் ஓரத்தை நனைத்துவிட்டுப் போனது.

"எத்தினி நாளாச்சு ஏட்டையா?"

"இன்னியோட ஆறு நாளு."

மண்ணாங்கட்டி மெதுவாகத் திரும்பித் தன் குடிசையைப் பார்த்தான். கங்கம்மா போன பிறகு அந்த வீட்டில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

கூரையின் கீற்றிடுக்கு வழியாக அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.