ஏரிக்கரையில் வேகாத பானை

“அண்ணே, என் மானம் போச்சு!”

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் அன்செல்மு வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்றாள் ஃபிலொமேனா. அசோர்ஸ் தீவுகளுக்குச் சுற்றுலாக் கூட்டம் அனுப்பும் கம்பெனி முதன்முறையாக அவள் விடுதியை நம்பியிருந்தது. இன்றைய விருந்து தேறினால்தான் அடுத்த கூட்டம் வரும். ஃபுர்னாஸ் ஏரிக்கரையில் எரிமலை மண்ணின் சூட்டிலேயே சமையல் வேகும் குழியில், விடியுமுன் அவளே பானையைப் புதைத்து, மேலே தன் பெயர்ப்பலகை நட்டிருந்தாள். மதியம் தோண்டினால் முட்டைக்கோஸ் பச்சையாகக் கிடக்கிறது!

“நம்ம மண்ணு என்னிக்கு ஏமாத்தியிருக்கு? கிளம்பு மச்சான்!” என்று அன்செல்முவைப் பார்த்துத் துள்ளினான், அவளை ஏற்றிவந்த வேன்காரன் பெல்மீரு.

ஏரிக்கரையில் அன்செல்மு நிதானமாகப் பானையைக் கிளறினார்.

“சேப்பங்கிழங்கு போடலையாம்மா?”

“கிழங்கு இல்லாம சமைச்சா ஊர்ல தலைகாட்ட முடியுமா அண்ணே?”

“அப்போ இது உன் பானையே இல்ல. எவனோ பலகையை மாத்தியிருக்கான்.”

பதற்றத்தில் அவள் அடிவரை பார்க்கவே இல்லை. பானைகளும் ஒரே அச்சு. பக்கத்துக் குழியில் பட்டணத்து ஓட்டல்காரர் குவால்த்தெரின் பலகை நின்றது. பெல்மீரு அந்தப் பானையைத் தூக்கித் திறந்தான். ஆவி பறக்க, மேலாகவே வெந்த சேப்பங்கிழங்கு!

“என் ஆளு குழப்பியிருப்பான்” என்றார், கையில் பிளாஸ்க்கோடு அங்கே வந்த குவால்த்தெர். “நான் இப்பத்தான் பட்டணத்துலேருந்து வந்து இறங்குறேன். வீட்டுல போட்ட டீயைக்கூட இன்னும் குடிக்கல, பாருங்க.”

“எனக்கும் ஒரு வாய் ஊத்துங்களேன்.”

பிளாஸ்க் மூடியில் விழுந்த தேநீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

அன்செல்மு சிரித்தார். “பட்டணத்துத் தண்ணியில பச்சைத் தேயிலை மஞ்சளாத்தான் இறங்கும். இந்த நிறம் எங்க ஊத்துத் தண்ணிக்கு மட்டுந்தான் வரும். இங்க தண்ணி பிடிச்சுத்தான் டீ போட்டிருக்கீங்க; அப்போ காலையிலேயே வந்திருக்கீங்க. ஆனா நேரங்கழிச்சுப் புதைச்சீங்க. வேகாதுன்னு தெரிஞ்சதும் பலகையை மாத்திட்டீங்க. சரிதானே?”

குவால்த்தெர் தலை கவிழ்ந்தது.

“இவனை ஏரியில தள்ளு மச்சான்!” என்றான் பெல்மீரு.

ஓரமாக நின்ற குவால்த்தெரின் விருந்தாளிகள் பசியோடு விழித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிலொமேனா அவர்களைப் பார்த்தாள். நெஞ்சு நிமிர்ந்தது.

“அவங்களையும் உட்காரச் சொல்லு பெல்மீரு. எங்க ஊருக்கு வந்தவங்க பட்டினியாப் போனதில்ல. என் பானை எல்லாருக்கும் போதும்.” பிறகு குவால்த்தெர் பக்கம் திரும்பினாள். “நீங்களும் சாப்பிடலாம். முதல்ல என் பலகையை எடுத்துட்டு வந்து, என் பானை முன்னாடி நட்டு வையுங்க. எல்லாரும் பார்க்கட்டும்.”