மணி அடித்தால் யார் வருவார்கள்?

காபி டம்ளர் சுவரில் மோதிக் கீழே உருண்டது.

எறிந்தவர் மாமியார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலும் சக்கர நாற்காலியும்தான் அவருக்கு உலகம். ஆனால் கைக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் மேல் ஒரு சொட்டும் படாமல் சுவரைப் பார்த்து எறியும் அளவுக்கு, அந்தக் கோபத்திலும் குறி துல்லியமாக இருந்தது.

"டேய், அவளை அந்தப் பக்கம் போகச் சொல்லு" என்றார், மகனிடம்.

'அவள்' இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். வீட்டின் இரண்டாவது மருமகள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள். ஐம்பதைத் தாண்டியும் சின்னவள்தான். அவள் கணவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. உடைந்துவிடுமோ என்ற பயத்திலேயே வாழ்ந்து பழகியவர். வாயைக்கூட மெதுவாகத்தான் திறப்பார். இப்போது அதையும் திறக்காமல் துண்டை எடுத்துச் சுவரைத் துடைத்தார்.

"அத்தை... காபி வேண்டாம்னா பாலாவது..."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில நாட்களாக இதே கதைதான். மருமகளோடு பேச்சில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு காலையில், குளியலறையில் மாமியாரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும்போது சின்னவளின் முதுகில் ஏதோ பளிச்சென்று வெட்டியது. இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். நல்லவேளை, மாமியார் விழுந்தது மருமகள் மேல். ஈரத் தரையில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்து கூப்பிட்டார்கள். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திய கத்தலில் இவர்கள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கணவர் சாப்பாட்டுக்கு வீடு வந்த பிறகுதான் எழுந்தார்கள்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே பக்கெட் தண்ணிகூடத் தூக்காதீங்கம்மா" என்றார். சின்னவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்: "அத்தைக்கு இனிமே ஆள்பலம் இருக்கிற இடம் வேணும். அடுத்த தடவை அவங்க கீழ, நான் மேல விழுந்தா என்ன ஆகும்?" அத்தையிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள். வாய் வரவில்லை. ஒரு நாள் தள்ளிப் போட்டாள்.

அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது. கணவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தங்கையிடம் சொன்னார். தங்கை தொலைபேசியில் அம்மாவிடம் அழுதாள்: "அம்மா... உன்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாங்கம்மா!"

அந்த அண்ணன், அதாவது பெரியவர், ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். வீட்டில் உப்பைக் கேட்டாலும் அவையோரே என்று ஆரம்பிக்கிறவர். அம்மாவைப் பார்க்க வருவது அபூர்வம். வந்தால் கட்டிலருகே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போகமாட்டார். அவரும் தங்கையும், காபி டம்ளர் பறந்த அன்று காலையிலேயே காரில் வந்து இறங்கினார்கள்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா?" என்றாள் நாத்தனார், முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய். "உங்களுக்கென்ன, இனிமே ஓய்வுதானே..."

"ஆமா, ஓய்வுதான். நீ வேணா கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போறியா?"

"ஐயோ, எங்க வீடு மாடில இருக்கே அண்ணி!" மாடியில் வீடு இருப்பதை அவ்வளவு நன்றியோடு சொன்னவர்கள் குறைவு.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "இந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும், அம்மா போகிற இடம் நம்ம குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கிற இடமா இருக்கணும். ஒரு இல்லம் பார்த்து வச்சிருக்கேன். நிர்வாகி என் பழைய மாணவன். என்னைக் கௌரவ ஆலோசகரா வேற போட்டிருக்கான்."

கிளம்பினார்கள். இல்லத்து வாசலில் இறங்கியதும் பெரியவர் கிசுகிசுத்தார்: "அம்மா கார்லயே இருக்கட்டும். நாம பார்த்துட்டு வந்துடலாம்."

"இருக்கப் போறது யாரு மாமா?" என்றாள் சின்னவள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சத்தமில்லாமல் சக்கர நாற்காலியை இறக்கினார்.

அந்த இல்லத்துக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே செயற்கை நீரூற்று, வரவேற்பறையில் சாய்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் தேவைப்படும் சோபா. நிர்வாகி கோட்டுப் போட்டு வந்து வணங்கினான்.

"சார், நாங்க இவங்களை நோயாளின்னு சொல்றதே இல்லை. விருந்தினர்னு சொல்றோம்!"

"ஆஹா!" என்றார் பெரியவர். பிறகு ஓர் ஆலோசகருக்கே உரிய கேள்விகளைக் கேட்டார். கார் நிறுத்த நிழல் உண்டா? பார்க்க வருகிறவர்களுக்கு ஏசி அறை உண்டா? சுவரில் புரவலர் படங்கள் மாட்டுவது எந்தப் பக்கம்?

"ராத்திரியில எத்தனை பேர் வேலையில இருப்பாங்க?" என்றாள் சின்னவள்.

நிர்வாகி கனிவாகச் சிரித்தான். "நாங்க எண்ணிக்கையை நம்பறதில்லைம்மா. அன்பை நம்பறோம்."

"அன்பு எத்தனை பேருப்பா?"

"சின்னவளே!" என்று பல்லைக் கடித்தார் பெரியவர்.

அறையைக் காட்டினார்கள். மெத்தை, திரைச்சீலை, ஜன்னலில் பூந்தொட்டி. நாத்தனார் உருகிப்போனாள். "அம்மா, எவ்வளவு அழகு பாரும்மா!" மாமியார் எதையும் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் குளியலறைக் கதவைத் தள்ளினாள். சுவரில் அவசர மணிக்கான சிவப்புக் கயிறு இருந்தது. தரை வரை தொங்கவேண்டிய கயிறு, தலைக்கு மேலிருந்த துண்டுக் கம்பியில் சுற்றி, பூ மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

"இது ஏன் மேல கட்டியிருக்கு?"

"பார்க்க வர்ற குழந்தைங்க விளையாட்டா இழுத்துடறாங்கம்மா. அதோட, தொங்கிட்டிருந்தா பார்வைக்கும் நல்லா இல்லை..."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். முழங்காலிட்டாள். பிறகு, உடுத்தியிருந்த நல்ல சேலையோடு அந்தப் பளபளப்பான தரையில் மல்லாந்து படுத்தாள்!

"அண்ணி! என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன்" என்றாள் சின்னவள், நிதானமாக. கையை நீட்டினாள். கயிறு எங்கோ வானத்தில் இருந்தது. "எட்டலை. இப்ப நான் என்ன செய்யணும், சொல்லுங்க தம்பி."

"எழுந்திரும்மா! மானம் போகுது!" பெரியவரின் குரல் மேடை இல்லாமலேயே ஏறியது. "டேய், உன் பெண்டாட்டியைத் தூக்குடா!"

கணவர் அசையவில்லை. "அவ விழுந்திருக்காண்ணே" என்றார். "ஆள் வரட்டும்."

அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான எதிர்ப்பு அதுதான்.

நிர்வாகி அவசரமாக முடிச்சை அவிழ்த்துத் தானே கயிற்றை இழுத்தான். எங்கோ மணி அடித்தது. "இதோ... இதோ வந்துடுவாங்க. எங்க ஊழியர்கள் எல்லாருமே சிறப்புப் பயிற்சி பெற்றவங்க..." மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்லி முடித்தான். விருதுகளைப் பற்றிச் சொன்னான். ஒருவரும் வரவில்லை. கடைசியில், "சாப்பாட்டு நேரம் பாருங்க..." என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி ஆளைத் தேடி வெளியே ஓடினான்.

அப்போதுதான் தாழ்வாரத்தில் டொக் டொக்கென்று ஊன்றுகோல் சத்தம் கேட்டது. எதிர் அறைத் தாத்தா. இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டை, அதில் ரோஜாப்பூ. வாயில் கீழ்வரிசைப் பல் செட்டு இல்லை. அக்குளில் ஒரு தலையணை.

எட்டிப் பார்த்து, "புதுசா? முதல் நாளேவா?" என்றார் பரிவாக. "என்னால தூக்க முடியாதும்மா. இந்தா, இதைத் தலைக்கு வச்சுக்கோ. ஆள் வர நேரமாகும். நாங்க இங்க ஒருத்தருக்கொருத்தர் இப்படித்தான் பார்த்துக்கறோம்."

நீரூற்றின் சத்தம் மட்டும் அங்கேவரை கேட்டது. தாத்தாவின் கையிலிருந்து தலையணையை வாங்கும்போதுதான் சின்னவளின் உதடு முதன்முறையாகத் துடித்தது.

"எழுந்திருடி..."

சக்கர நாற்காலியிலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

"எழுந்திருன்னு சொல்றேன்ல! தரை ஜில்லுன்னு கிடக்கு. உன் முதுகு இருக்கிற லட்சணத்துக்கு இது வேறயா?" மாமியாரின் கண்கள் நிறைந்திருந்தன. "அன்னிக்கு நான் மேல விழுந்து நசுக்கினது போதாதா உனக்கு?"

கணவர் கைகொடுத்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார். வலியில் அவள் முகம் வெளுத்திருந்தது.

பெரியவர் நிலைமையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். "சரி. இந்த இடம் ஒத்துவராதுன்னு தோணுது. நான் அப்பவே சந்தேகப்பட்டேன். ஆக, அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்! இத்தனை வருஷமா தெய்வம் மாதிரி பார்த்துக்கிட்டவ நீ. இனியும் நீயே பார்த்துக்கோம்மா."

"ஆமா அண்ணி!" நாத்தனார் விம்மினாள். "உங்க கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்? அம்மாவுக்கு நீங்கதான் எல்லாமே!"

அண்ணனும் தங்கையும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். இனி அவள் கண்ணீரோடு தலையாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"முடியாது" என்றாள் சின்னவள்.

"என்னது?"

"என்னால முடியாது மாமா. தெய்வம்னு சொல்லிட்டா முதுகு சரியாயிடுமா? இனிமே நான் அவங்களைத் தூக்கினா ஒரு நாள் கொன்னுடுவேன். அத்தைக்கு நல்ல இடம் வேணும். எனக்குக் கூச்சமே இல்லை, ஊர் முழுக்கச் சொல்லுங்க... ஹோம்ல விடணும்னு சொன்னது நான்தான்!"

"எவ்வளவு தைரியமா அம்மா முன்னாடியே சொல்றாங்க பாரு!" நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள்.

"முன்னாடிதான் சொல்லணும்!" மாமியார் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "எனக்குக் கோபமே அதான்டி. ஹோம்ல விடறேன்னு சொன்னதுக்கில்லை. என் கட்டில்ல உட்கார்ந்து, 'அத்தை, என்னால முடியலை'ன்னு என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா? இவ போன்ல ஒப்பாரி வச்சு நான் தெரிஞ்சுக்கணுமா?"

"வாய் வரலை அத்தை..." அவள் உடைந்துபோனாள். "உங்க முகத்தைப் பார்த்தா வாயே வரலை..."

"இப்ப வந்துச்சே. போதும்." மாமியார் பெரியவர் பக்கம் திரும்பினார். "ஆலோசகரே, நீ இங்கேயே இருந்து ஆலோசனை சொல்லு. இடத்தை நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கறோம்."

பார்த்தார்கள். கணவர் வண்டி ஓட்ட, மாமியாரும் மருமகளும் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வோர் இல்லமாகப் போய் இறங்கினார்கள். ஒன்றில் எல்லோரையும் சாயங்காலமே படுக்க வைத்திருந்தார்கள். இன்னொன்றில் தீப்பிடித்தால் வெளியேறும் வழியில் உடைந்த கட்டில்களை அடுக்கியிருந்தார்கள். மாமியார் ஒவ்வொரு இடத்திலும் அங்கிருந்த கிழவிகளிடம் தனியாகப் பேசினார். "தண்ணி கேட்டா திட்டுவாங்களா? உண்மையைச் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

கடைசியில் ஒரு பட்டறைக்குப் பக்கத்தில், பெயின்ட் உரிந்த ஒரு கட்டடம். நீரூற்று இல்லை. வரவேற்க ஆளும் இல்லை. உள்ளே நர்ஸம்மா ஒருத்தி பாட்டி ஒருவரின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "கொஞ்சம் இருங்க, இந்தக் கால் முடியட்டும்" என்றாள்.

சின்னவள் குளியலறைக்குப் போய்த் தரையோடு தொங்கிய கயிற்றை இழுத்தாள். கை ஈரத்தோடு இன்னொருத்தி ஓடிவந்தாள், மூச்சு வாங்க. யாரும் விழவில்லை என்று தெரிந்ததும் பொரிந்து தள்ளினாள். "என்ன விளையாட்டு இது? நெஞ்சு பதறி ஓடி வர்றேன்! பார்க்கப் பெரிய மனுஷங்களா இருக்கீங்க, அறிவு வேண்டாம்?"

மாமியாரின் முகம் மலர்ந்தது. "திட்டறாடி" என்றார் மருமகளிடம். "ஓடி வந்திருக்கா, அதான் திட்டறா. இங்கேயே இருந்துக்கறேன்."

கொண்டுவிட்ட அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். பெரியவர் பெயின்டைப் பார்த்து முகம் சுளித்தார். நாத்தனார் வாசலிலேயே அழத் தொடங்கியிருந்தாள்.

"நீ ஏன் இப்ப அழறே?" என்றார் மாமியார். "இங்க மாடி கிடையாது. வாரா வாரம் வரலாம். நகம் வெட்டக் கத்துக்கோ. டேய் பெரியவனே, உனக்கும்தான். போட்டோ எடுக்காம வா."

பிறகு மருமகளை அருகே இழுத்தார். அவள் குனிய முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை வருடங்களில் அவரைத் தூக்குவதற்காகக் கட்டிப்பிடித்த கைகள், தூக்கவேண்டிய அவசியமில்லாமல் கட்டிப்பிடித்தது அன்றுதான்.

"அத்தை... மன்னிச்சிடுங்க..."

"எதுக்குடி மன்னிப்பு? யார்கிட்டயும் தலையைக் குனியாதே. எவளாவது கேட்டா, என் மாமியாரே இடத்தைப் பார்த்துட்டுப் போனாங்கன்னு சொல்லு." முந்தானையால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இந்த வாரம் நீ வரக்கூடாது. படுத்துத் தூங்கு."

"வருவேன். எப்பன்னு சொல்லமாட்டேன். சாப்பாட்டு நேரத்துல திடீர்னு வந்து நிப்பேன்!"

"தாராளமா வாங்க" என்றாள் நர்ஸம்மா, மாத்திரையை நீட்டியபடி. "வந்தா ரெண்டு பேருக்கு ஊட்டிட்டுப் போங்க."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதுகு நிமிர விடவில்லை. தாழ்வாரத்தில் கோணலாகத்தான் நடந்தாள். எதிரே பெரியவர் நெஞ்சை நிமிர்த்தி, ஏதோ சொல்ல வாயெடுத்து வந்துகொண்டிருந்தார். அவள் நடையை நிறுத்தவில்லை. அவர்தான் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்.