காணாவுரிமை

மீன்சந்தைப் பாலத்திலிருந்து இறங்கும்போது, பங்குக் கோயில் மச்சாது சாமியாரின் வலது காலில் சுருக்கென்றது. அவர் நின்று யோசிக்கவில்லை. ஓரடி இடப்பக்கம் ஒதுங்கி, யாருமே இல்லாத இடத்துக்கு வழிவிட்டு, மறுபடி நேராக நடந்தார். எதிரே வந்த ஐஸ் வண்டிக்காரனும் அதே பாலத்தில் வேறொரு வெற்றிடத்துக்கு வழிவிட்டான். இருவரும் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். சுதந்திரத்திட்டில் காலைநேரத் தெரு என்றால் இப்படித்தான். மழை விட்ட பிறகு குட்டையைத் தாண்டுகிற மாதிரி ஆளாளுக்கு எதையோ தாண்டித் தாண்டிப் போவார்கள்.

தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே, கரை தெரியாத தூரத்தில் கடல்மேல் மிதக்கும் ஊர் அது. மந்திரி கிடையாது, போலீஸ் கிடையாது. சாசனம் என்று ஒன்று உண்டு. அதன் முதல் வரி, 'ஒருவர் மேல் இன்னொருவருக்கு அதிகாரம் இல்லை.' ஒருவரைத் தொட வேண்டுமென்றால் அவர் மணிக்கட்டில் இருக்கும் இசைவுப் பட்டை பச்சை காட்ட வேண்டும். கல்யாணம் ஐந்து வருடத் தவணை; பிடித்திருந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலே காணாவுரிமை. பிடிக்காத ஒருவரை நீங்கள் பார்க்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். குடியேறும்போதே விழியோடு ஒட்டிவிடுகிற கண்வில்லையும் காதுக்குள் இருக்கும் செவிமணியும் அந்த ஆளை உங்கள் உலகத்திலிருந்து துடைத்துவிடும். அவர் பெயரைக்கூடச் செவிமணி விழுங்கிவிடும். அவர் உடுத்தியது, கையில் வைத்திருப்பது, அவருடைய உடைமை அத்தனையும் அவரோடு சேர்ந்து மறையும். ஜனங்கள் இதைக் 'கண் சாத்துவது' என்பார்கள். ஒருவர் சாத்தினாலே போதும், இருவருக்கும் இருட்டு. முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் காலில் அந்தச் சுருக்.

இந்த உரிமையை மச்சாது சாமி பிரசங்கத்தில் வெளுத்து வாங்குவார். "கண்ணைக் கடவுள் எதுக்குக் கொடுத்தாரு? அடுத்தவனைப் பார்க்கத்தான் கொடுத்தாரு. சாத்தி வைக்கவா கொடுத்தாரு?" என்று அவர் கேட்டால் கோயில் அதிரும். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அவரே ஒருத்திக்குக் கண் சாத்தியிருந்தார். வேறு யாருக்குமில்லை, கூடப்பிறந்த தங்கை யூஜினாவுக்கு. பாலத்தில் அவர் வழிவிட்டதும் அவளுக்குத்தான்.

ஏழு வருடத்துக்கு முந்தைய சண்டை அது. யூஜினா தவணைக் கல்யாணம் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றாள். பூசை வைக்க வேண்டாம், அண்ணனாக வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். கடவுள் இணைப்பதற்குத் தவணை கிடையாது என்றார் இவர். அவள் சும்மா விடுகிற ஆளா? "அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா 'நீதான் வேணும்'னு மறுபடி சொல்லுதது, ஒரேயொரு தடவ சொல்லிட்டு மறந்து போறதவிடக் கேவலமாண்ணே?" என்று கேட்டாள். பதில் தெரியாத கோபம் பொல்லாதது. மறுநாள் ஞாயிறு பூசையில், பெயர் சொல்லாமல், ஆனால் ஊருக்கே புரிகிற மாதிரி, வாய்க்கு வந்ததைப் பேசித் தீர்த்தார். யூஜினா நடுக்கோயிலில் எழுந்து வெளியே போனாள். அன்று ராத்திரியே இவர் கண்ணைச் சாத்திக்கொண்டார். கோபம் வரக்கூடிய இடத்தைத் தவிர்ப்பதும் புண்ணியம்தான் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு.

இன்று பெரிய வியாழன், ஈஸ்டருக்கு முந்தைய வியாழன். காலையிலிருந்து அவருடைய பார்வையின் ஓரத்தில் ஒரு செம்மஞ்சள் புள்ளி மினுங்கிக்கொண்டே இருந்தது. காணாவுரிமைக்கு ஏழு வருடம் கெடு. அதற்குள் மனம் மாறினால் திறந்துகொள்ளலாம். மாறாவிட்டால் அந்த முகம் கண்வில்லையின் நினைவிலிருந்தே அழிந்துபோகும். பிறகு அழுதாலும் புரண்டாலும் வராது. யாரும் யாரையும் காலமெல்லாம் தொங்கலில் விடக்கூடாது என்று சாசனம் சொல்கிறது. அவருடைய கெடு இன்று பொழுது சாய்கிற வரைக்கும்தான்.

சாயங்காலம், பூசைக்கு உடுத்துகிற அறையான சக்ரீஸ்தில், கோயில்பிள்ளை வியாகுலம் செம்பையும் தட்டத்தையும் துடைத்து வைத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"சாமி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"கேளும்."

"அது இன்னையோட முடியுதாம்லா."

"முடியட்டும். நான் பார்த்தேன்னா, சரின்னு சொன்ன மாதிரி ஆயிரும் வியாகுலம். பாவத்துக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி."

"நீரடிச்சு நீர் விலகுமா சாமி?"

"ஏழு வருசமா விலகித்தான் இருக்கு," என்றார் சாமியார். குரல் அவர் நினைத்த அளவு உறுதியாக வரவில்லை.

கோயில் திட்டின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் சுவர் கிடையாது. கண்ணாடிதான், அதற்கப்பால் கடல். வாசகம் முடிந்ததும் மச்சாது சாமி பூசையாடையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்தது போல, பங்குமக்களில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுகிற சடங்கு. திட்டில் இதற்கு எப்போதும் கூட்டம் பிதுங்கும். ஒருவரை ஒருவர் தொடுவதே அபூர்வமாகிப்போன ஊரில், ஒரு மனுசன் குனிந்து இன்னொரு மனுசனின் காலைப் பிடிப்பதை வேடிக்கை பார்க்க, சாமி கும்பிடாதவர்கள்கூட வருவார்கள். உட்காருகிறவர்கள் முன்கூட்டியே வியாகுலத்திடம் பேர் கொடுத்து, பட்டையைப் பச்சையாக்கிக்கொண்டு வருவது வழக்கம்.

ஒவ்வொரு காலாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டுக்கொண்டே வந்தார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது நாற்காலி காலி.

"ஒரு ஆள் குறையுதே வியாகுலம்?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இல்ல சாமி. பன்னெண்டு பேரும் இருக்காவ." சொல்லிவிட்டு வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டார்.

கோயிலில் இருந்த அத்தனை பேரும் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது காலியில்லை. மச்சாது சாமியின் வலது காலில் சுருக்கென்றது. விலகு, விலகு என்றது. ஏழு வருடமாக அந்தச் சொல்லுக்குப் பணிந்த கால் தானாக ஓரடி பின்னால் போனது. அப்படியே திரும்பிப் பீடத்துக்குப் போய்விடலாம். தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யா? போன காலை இழுத்துக்கொண்டு வந்து மண்டியிட்டார்.

எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. உத்தேசமாகத் தட்டத்துக்கு மேலே செம்பைச் சாய்த்தார்.

தண்ணீர் கீழே விழவில்லை. நடுக்காற்றில் எதன் மேலோ பட்டு நின்றது, பிரிந்தது, வழிந்தது. குதிகாலில் வளைந்தது. ஐந்து விரல்களுக்கு நடுவே நான்கு கோடாக ஓடி, நுனியில் சொட்டுச் சொட்டாகத் திரண்டது. சாயங்கால வெயில் அதில் பட்டதும், வெறும் தண்ணீராலான ஒரு பாதம் அவர் கண்முன்னே தகதகவென்று நின்றது. ஆளையும் ஆளுடைய உடைமையையும் மறைக்கிற கண்வில்லைக்குத் தண்ணீரை மறைக்கத் தெரியவில்லை. தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லையே! மச்சாது சாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பூசையில் எத்தனையோ ஆயிரம் தடவை அப்பத்தைக் கையில் ஏந்தியவர் அவர். அப்போதுகூட இப்படி எதையும் கண்டதில்லை.

"ஆண்டவரே," என்றார்.

கையை நீட்டித் தொட்டார். காய்த்துப்போன, வெதுவெதுப்பான கால். சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கம் மடங்கியிருந்தது. அதன் கீழே சிப்பி கிழித்த பழைய தழும்பு. சின்ன வயதில் அந்தக் காயத்தைக் கழுவிவிட்டதே அவர்தான். தண்ணி குளிருது, தண்ணி குளிருது என்று ஊரைக் கூட்டியவள் அவள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. ஓரத்துப் புள்ளியை நேராகப் பார்த்து, "காண விரும்புகிறேன்," என்றார், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படியாகவே.

புள்ளி மறையவில்லை. கண்வில்லையில் எழுத்து ஓடியது: 'உங்கள் தரப்பு திறந்தது. எதிர்த்தரப்பு திறக்கவில்லை. இருவருக்கும் கெடு ஒன்றே.'

நாற்காலி காலியாகவே இருந்தது.

அவளும் சாத்தியிருக்கிறாள். ஏழு வருடமாக, கதவைச் சாத்தியது தான் மட்டும்தான், திறக்கிறதும் சாத்துகிறதும் தன் இஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே! இந்த நிமிடமும் அவளுக்கு அண்ணன் தெரிய மாட்டான். அந்தரத்திலிருந்து தண்ணீர் விழுவது மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கைக்குக் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர் திறந்துவிட்டார் என்பதும் அவளுக்குத் தெரியாது.

'திறடி' என்று உலுக்கத் தோன்றியது. கத்தினாலும் கேட்காது. கண்ணாடிக்கு அப்பால் சூரியன் கடலைத் தொட்டுவிட்டது. இந்த ஊருக்குச் சட்டம் வேண்டும், நல்லதை வற்புறுத்தியாவது செய்யவைக்க வேண்டும் என்று வருடக்கணக்காக முழங்கியவர் அவர். இப்போது யாராவது வந்து, 'அவள் கண்ணை நாங்கள் பலவந்தமாகத் திறந்துவிடுகிறோம், சரியா?' என்று கேட்டால் என்ன சொல்வார்? வேண்டாம் என்றுதான் சொல்வார். பிடுங்கித் திறந்த கண்ணில் தங்கச்சி இருக்கமாட்டாள். கடவுளும் மனுசன் முன்னால் இப்படித்தான் செம்பும் கையுமாகக் காத்துக்கிடப்பாரோ என்று நினைத்தபோது அவருக்குப் பயமாகவே இருந்தது.

செய்வதற்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது. சடங்குக்கு வலது கால் மட்டும்தான். அவர் துழாவி, இடது காலையும் மெல்லத் தொட்டார். அந்தக் கால் தயங்கியது. பின்னால் போனது. பிறகு தானே முன்னால் வந்து அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது. மிச்சத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார்.

அவருடைய புறங்கையில் வெதுவெதுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. செம்புத் தண்ணீர் குளிர்ந்தது, இது சுட்டது. கன்னத்தை விட்டு இறங்கிய கண்ணீர் அதற்குப் பிறகு யாருக்குச் சொந்தம் என்று சாசனத்தில் எழுதவில்லை போலும். இன்னொரு சொட்டு விழுந்தது. அவர் துண்டை எடுத்து, தெரியாத காலைத் துடைக்க ஆரம்பித்தார்.

துண்டுக்குள் ஒரு விரல் தெரிந்தது. கறுத்த, நகம் தேய்ந்த, நிஜமான விரல்.

"தண்ணி ரொம்பக் குளிருதுண்ணே," என்றது குரல்.

நிமிர்ந்து பார்த்தார். யூஜினா உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, கண் மட்டும் அப்படியே. ஏழு வருடத்தையும் ஒரே மடக்கில் குடிப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, தல இப்படி நரைச்சுப் போச்சே."

"உனக்கு நரைக்கதுக்கு முடியே இல்லயே."

கோயிலில் யாரோ சிரித்துவிட்டார்கள். வியாகுலம் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்ணாடிக்கு வெளியே சூரியனின் கடைசிக் கீற்றும் முங்கியது. ஓரத்துப் புள்ளி எப்போது அணைந்ததென்று சாமியார் கவனிக்கவில்லை.

"நான் மாறலண்ணே, சொல்லிட்டேன்," என்றாள் யூஜினா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரெண்டாந்தவணையும் போட்டாச்சு. அதே மனுசன்கூடத்தான்."

"நானும் மாறலட்டி. அது கல்யாணமே இல்ல."

"அப்படித்தான் சொல்லுவன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா கண்ணத் தொறந்த? எதுக்கு?"

"சண்ட போடுததுக்காவது உன் மூஞ்சி வேணும்லாண்ணே," என்றாள்.

மச்சாது சாமி குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார்.