டேவிட்ராஜின் பிளேயரும் மைக் ஒயரும்

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ரிப்பேர் கடை எங்களுடையது. ஈயத்தை உருக்கும் சூடான சால்டரிங் அயர்ன் அம்மா கையில் இருக்கும். மற்றக் கருவிகளெல்லாம் என் பொறுப்பு. அம்மா கேட்பதற்கு முன்பே சரியானதை எடுத்து நீட்டிவிடுவேன். எங்கள் ஆறாம் வகுப்பில் வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஞாயிறு மதியம் என் வகுப்பு டேவிட்ராஜ் கோலைத் தட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குக் கண் தெரியாது. பாடங்களையெல்லாம் ஒரு சின்னப் பிளேயரில் கேட்டுத்தான் படிப்பான்.

“கலை, இது சார்ஜே ஏற மாட்டேங்குது. நாளைக்கு அறிவியல் பரீட்சை. மூணாம் பாடம் பாதியில நின்னுபோச்சு” என்றான்.

அம்மா பிளேயரைத் திறந்து பார்த்தார். சார்ஜர் சொருகும் பின் உடைந்திருந்தது.

“புதுசு நம்மகிட்ட இருக்குது கண்ணு. பழசைப் புடிச்சிருக்கற ஈயத்தை மொதல்ல எடுக்கணும்” என்றார்.

நான் உடனே பம்பை எடுத்தேன். ஈயம் உருகும்போது பட்டனை அமுக்கினால் ‘டப்’பென்று உறிஞ்சிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கருவி. ஆனால் நீட்டப் போன கை நின்றுவிட்டது. போன வாரம் அந்த ‘டப்’ உதைத்த உதையில்தான், ஒரு பழைய போர்டில் இருந்த மெல்லிய செப்புத் தகடு பெயர்ந்து வந்தது. அது குப்பைக்குப் போகிற போர்டு என்பதால் சிரித்துக்கொண்டோம். இது டேவிட்ராஜின் பிளேயர்; தகடு போனால் புதுப் பின்னை ஒட்ட இடமே இருக்காது.

“பம்பு வேணாம்மா, உதைக்கும். விக் வெச்சு எடுக்கலாம்.”

விக் என்பது மெல்லிய செப்புக் கம்பிப் பின்னல். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் உருகிய ஈயத்தை அமைதியாக இழுத்துக்கொள்ளும்.

டப்பாவைத் திறந்தேன். விக் சுருள் காலி. தீர்ந்துபோனதைச் சொல்லாமல் விட்ட புத்திசாலி நான்தான்.

“பாலக்கோட்டுலயும் இன்னைக்கு கடை இருக்காதே. பம்புலயே மெதுவா பாக்கலாமா?” என்றார் அம்மா.

“வேணாம்மா. கொஞ்சம் இரு.”

டிவி டிஷ்ஷுக்குப் போடுகிற ஒயரில் ஒரு துண்டை உரித்தேன். உள்ளே பின்னல் இருந்தது. அம்மா அதைப் பழைய போர்டில் வைத்துச் சூடு காட்டினார். ஈயம் ஒட்டவே இல்லை. சுரண்டிப் பார்த்தால் உள்ளேயும் வெள்ளை. அலுமினியம்.

“என்ன, ஒரு சத்தத்தையும் காணோம்?” என்றான் டேவிட்ராஜ்.

“யோசிக்கறேன்டா.”

“சத்தமா யோசி. எனக்கும் தெரியட்டும்.”

“செம்பா இருக்கணும். மெல்லிசா இருக்கணும். பின்னி இருக்கணும்...” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். “மைக் ஒயர்!”

திருவிழா மைக்செட்டிலிருந்து அறுந்து வந்த ஒயர் ஒன்று மூலையில் கிடந்தது. உரித்தேன். பின்னல் செக்கச்செவேலென்று இருந்தது. அதில் ஈயம் பிடிப்பதற்கான பேஸ்ட் தடவி, முதலில் பழைய போர்டில் வைத்துப் பார்த்தோம். ஈயம் சத்தமில்லாமல் ஏறியது.

பிறகு பிளேயர். பழைய பின் கழன்று வந்தது. செப்புத் தகடு அப்படியே இருந்தது. அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புதிய பின்னைப் பொருத்தினார். சார்ஜரைச் சொருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

டேவிட்ராஜ் இயர்போனை மாட்டிக்கொண்டான். நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

“விட்ட எடத்துல இருந்தே பேசுது” என்று சிரித்தான்.

பிறகு ஒரு பக்க இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

“இந்தா, காதுல வெச்சுக்க. நீயும் இன்னும் படிக்கலதானே?”