குட்டிக்கு ஒத்துக்குமா?

செவ்வாயில் யாரும் தன் மருந்தைத் தானே முதலில் குடிப்பதில்லை. கஷாயமோ லேகியமோ, முதல் சொட்டு நகலுடலுக்கு. பூமியில் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவார்களே, அந்த மாதிரிதான். ஆனால் காக்கை வராவிட்டால் மனசுதான் சங்கடப்படும். இங்கே சொட்டு வைக்காவிட்டால் அபராதம்.

நகலுடல் என்பது தீப்பெட்டி அளவுக் கண்ணாடிப் பெட்டி. ஒருவருடைய உயிரணுவிலிருந்தே வளர்த்த கடுகளவு ஈரலும் மிளகளவு இதயமும் அதற்குள் ஊட்டநீரில் மிதந்துகொண்டிருக்கும். அவருக்கு ஒத்துக்கொள்ளாதது அதற்கும் ஒத்துக்கொள்ளாது. பச்சை விளக்கு எரிந்தால் குடிக்கலாம். மஞ்சள் எரிந்தால் மருந்தைக் கொட்டிவிட வேண்டும். சிவப்பு என்றால் நகலுடலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த புண்ணியவதி, மூலிகைத் தரச் சோதனைக்கூடத்தின் தலைவி சங்கரவடிவு. குடியேறியவர்கள் பூமியிலிருந்து விதையைத்தான் கொண்டுவந்தார்கள்; மண் இங்கத்தியது. அந்த மண்ணில் ஒரு நச்சு உப்பு உண்டு. நன்றாகக் கழுவாத மண்ணில் துளசியே வைத்தாலும் உப்பு இலைக்கு ஏறிவிடும். "பச்சிலைதானே, என்ன பண்ணிடப் போகுது" என்ற ஒரே வாக்கியத்தைத் திட்டுவதற்கென்றே அவள் குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ப் பேசியிருக்கிறாள். எல்லோரும் கைதட்டுவார்கள். வெளியே வந்ததும் பாதிப் பேர் அதையே சொல்வார்கள்.

அன்று காலை அவளுக்கு இருமல். கடையில் வாங்கிய ஆடாதொடைக் கஷாயத்தில் ஒரு சொட்டைக் குட்டிக்கு விட்டாள். குட்டி என்பது தன் நகலுடலுக்கு அவள் வைத்த பெயர். விளக்கு மஞ்சளாகிவிட்டது. கஷாயத்தைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். உப்பு ஏகத்துக்கும் இருந்தது. மதியத்துக்குள் எல்லாக் கடைகளிலிருந்தும் அந்தச் சரக்கை அள்ளிவிட்டார்கள். பிழைத்தவர்கள் வரிசையாக அழைத்து நன்றி சொன்னார்கள்.

வடிவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. குட்டியின் விளக்கு மஞ்சளிலேயே நின்றது. மாலைக்குள் பச்சைக்குத் திரும்பாத நகலுடலை எரியுலையில் போட்டுவிட வேண்டும். அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

"இந்தப் பொடிசு இல்லன்னா அந்த விஷம் இப்ப என் வயித்துல இருக்கும். இதைப் போய் எப்படிங்க உலையில போடுறது?" என்று கண் கலங்கினாள்.

"ஏ வடிவு, அதுக்கு மூளை கிடையாது, வலி கிடையாதுன்னு நீதானே புத்தகம் எழுதுன?" என்றார் கணவர் மாசிலாமணி.

"மூளை இல்லாட்டி என்ன? என் ஈரல் இருக்குல்லா!"

அவர் ஊட்டநீரை மாற்றப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜெபராணி ஒரு டம்ளரோடு வந்தாள். "ஈரலுக்குக் கேடுன்னா கீழாநெல்லியை மிஞ்சி என்ன இருக்கு? எங்க வீட்டுத் தொட்டியில வளந்தது. மண்ணைக் கழுவுனா சத்தெல்லாம் போயிரும்லா, அதான் அப்படியே வச்சிருக்கேன். கேட்டா கேக்கட்டும், கேக்காட்டியும் கெடுதல் பண்ணாது."

வேறொரு நாளாக இருந்தால் வடிவு அவள்மீது வழக்கே போட்டிருப்பாள். இன்று டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றாள்.

ஆனாலும் விஞ்ஞானி அல்லவா? பயிற்சி எங்கே போகும்! சோதிக்காமல் குட்டிக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சோதனைக்கூடத்தில் கடைகளிலிருந்து அள்ளிவந்த சரக்கே மலையாய்க் குவிந்திருந்தது; இதை அனுப்பினால் முடிவு வர மறுநாள் ஆகிவிடும். ஆனால் இன்று மாலையே உலை காத்திருக்கிறது. சோதித்துச் சொல்ல வேண்டிய குட்டியோ நோயில் கிடக்கிறது.

"ஏற்கெனவே நொந்து கிடக்கு. இது ஒத்துக்குமோ என்னவோ?" என்று முணுமுணுத்தாள்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்து, டம்ளரைத் தூக்கி மடக்மடக்கென்று தானே குடித்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது மருத்துவமனையில் இருந்தாள். வாந்தியில் தொண்டை எரிந்தது. கட்டில் ஓரத்தில் மாசிலாமணி உட்கார்ந்திருந்தார்.

"குட்டி?" என்றாள்.

"பச்சைக்கு வந்துட்டுது தாயே. நல்ல ஊட்டநீரை மாத்திட்டுச் சும்மா விட்டேன். தானாவே தேறிட்டுது."

வடிவு கையைக் கூப்பினாள். கண்ணில் நீர் பொங்கியது. "நல்லவேளை கடவுளே! அதுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி நான் குடிச்சுப் பாத்தேன். இல்லாட்டி என் குட்டி என்ன ஆயிருக்கும்!"

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

மருத்துவ ரோபோ சக்கரத்தில் உருண்டு வந்தது. நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை அதற்குக் கற்பித்திருந்தார்கள். அதைப் போராடிச் சட்டமாக்கியவளும் சங்கரவடிவுதான்.

"இன்று என்னென்ன மருந்து உட்கொண்டீர்கள்?" என்று கேட்டது ரோபோ.

வடிவு நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தாள்.

"மருந்தா? ஒண்ணும் சாப்பிடலையேப்பா" என்றாள். "வெறும் பச்சிலைச் சாறுதான்."